தமியன் மண்

அக்டோபர் 8, 1998, வியாழன்
இன்னும் வெயில். யுனிவர்சிட்டி தமிழ் மாணவர் சங்கத்தின் முதல் தீபாவளி மலர். ஆசிரியர் நான். வேறு யாரும் கை தூக்கவில்லை. இதுவரை வந்தவை: அம்மா பற்றிய கவிதைகள், ஏராளம். மைக்ரோவேவ் மைசூர்பாகு செய்முறை, ஒன்று.

லேப் தோழி லூசியிடம் புலம்பினேன். அவள் தமியன் இனம், அமெரிக்கப் பூர்வகுடி. ஸ்பானியர்கள் வருமுன்பே இந்தப் பள்ளத்தாக்கு அவர்களுடையது. அந்தப் பெயரில் இருக்கும் ரயில் ஸ்டேஷனில்தான் தினமும் ஏறுகிறேன். ஏதோ தெருப் பெயர் என்று நினைத்திருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. தங்கள் பெயர் ஸ்டேஷன் போர்டில் இருக்கிறது, புத்தகம் எதிலும் ஒழுங்காக இல்லை என்றாள். முதல் பக்கத்தில் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

11, ஞாயிறு
எழுதியாயிற்று. "நாம் நிற்பது தமியன் மண். அதை மறவோம்." லூசிக்கு ஆங்கிலத்தில் சொன்னதும் தோளில் ஒரு குத்து. விழாவுக்கு வருகிறாளாம்.

புரூஃப் பார்ப்பது பக்கத்து ஊர் சன்னிவேலில் இருக்கும் விசுவநாதன் அங்கிள். "ஒற்றுப்பிழை மட்டும் பாத்துட்டு, நானே பிரஸ்ல குடுத்துடறேன்பா. நீ போய் எக்ஸாமுக்குப் படி." தங்கமான மனுஷர்.

17, சனி
விழா. மலர் நேராக ஹாலுக்கே வந்தது. பிரித்துப் பார்க்க நேரமில்லை. அங்கிள் மைக் பிடித்தார். "நாம் நிற்பது தமிழன் மண்! அதை மறவோம்!"

விசில். கைதட்டல். பக்கத்தில் லூசிக்குக் கண் கலங்கிவிட்டது. உங்கள் ஆட்கள் இவ்வளவு உருகுவார்கள் என்று நினைக்கவில்லை என்றாள். மலரைப் பிரித்தேன். அதிலும் தமிழன்.

அங்கிளை ஓரமாக இழுத்தேன்.

"அங்கிள், அது தமியன்!"

"அதைத்தான் சொல்றேன். ழ வராதவன்லாம் எடிட்டர். நான்தான் கடைசி நிமிஷத்துல மானத்தைக் காப்பாத்தினேன்."

"அது லூசியோட ஜனங்க பேர் அங்கிள். இந்த ஊரே அவங்களோடது."

அங்கிள் லூசியைப் பார்த்தார். அவள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தாள். "ஐயையோ. அந்த ஸ்டேஷன் போர்டக்கூட ஸ்பெல்லிங் மிஸ்டேக்னு நெனச்சேனேப்பா!"

பார்க்கிங் லாட்டில் லூசியிடம் சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தன் மலரை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதுதான் தாங்க முடியவில்லை.

18, ஞாயிறு
காலையிலிருந்து என் அபார்ட்மென்டில் ழ-வை அடித்து ய போடும் வேலை. அங்கிளும் நானும். மலர் வாங்கியவர்களுக்கெல்லாம் போன் போட்டு, திரும்ப வாங்கி வந்திருக்கிறார். மத்தியானம் லூசி வந்தாள். அவளுக்கு மட்டும் அந்தப் பக்கத்தைப் புதிதாக பிரின்ட் எடுத்து, ஒட்டி வைத்திருந்தேன். வேண்டாமாம். அங்கிள் கையில் ழ அடித்துத் திருத்தியிருந்த மலரையே கேட்டு வாங்கிக்கொண்டாள். எங்கள் மண்ணைத் தங்களுடையது என்று எழுதிக்கொண்டவர்களில், உட்கார்ந்து அடித்துத் திருத்தியவர்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றாள்.