தொட்டிக்குள் விட்ட விரால்

1937, ஆவணி 4

சித்தப்பா இன்று மலையிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியோடு இறங்கினார். குமுளிக்கு மேலே தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களுக்குக் காய்கறி ஏற்றுகிறவர் அவர். ஒரு துரை சீமைக்கே திரும்பிப் போகிறாராம். வீட்டுச் சாமான்களை விற்றிருக்கிறார். மற்றவர்கள் கட்டில், மேசை என்று வாங்கியிருக்கிறார்கள். எங்கள் சித்தப்பா வாங்கி வந்தது இது.

இரும்புச் சட்டம், நாலு பக்கமும் கண்ணாடி. மூன்று குடம் தண்ணீர் கொள்ளும். "இதுல மீனை விட்டா ஒக்காந்த எடத்துலருந்தே பாக்கலாம்" என்றார். பத்தடி நடந்தால் வாய்க்கால். அங்கே பார்த்தால் ஆகாதா? நான் கேட்கவில்லை. நான் எதையும் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய அன்றும் கேட்கவில்லை.

ஆவணி 7

எடுப்பாக இருக்க வேண்டும் என்று சித்தப்பா தானே மீன் பொறுக்கி வந்தார். மீசை இருப்பதால் ஒரு பெரிய கெளுத்தி. மரம் ஏறும் என்று சொல்லிக்கொள்ள ஒரு பனையேறி. தொட்டி நிறைந்து தெரிவதற்காக ஒரு கை கெண்டைக் குஞ்சு. கல்யாணத்துக்கு ஆள் அழைப்பது போல அழைத்திருக்கிறார்.

அனுமந்தன்பட்டியே வந்து பார்த்துவிட்டுப் போனது. மேலவீட்டு அக்கம்மாள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "ஒரு சட்டிக் கொழம்புக்குக் காணாதே" என்றாள். இந்த ஊரில் மீனைப் பார்த்தால் வருகிற ஒரே யோசனை.

ஆவணி 9

பனையேறியைக் காணோம். மத்தியானம் நெல் குதிருக்கு அடியில் கிடந்தது, உயிரோடு. பூனை வாயை வைத்து, முள் குத்தி, கத்திக்கொண்டு ஓடியது. வீட்டில் புத்தியுள்ள பிராணி அது ஒன்றுதான். மறுபடி கிட்டே போகவில்லை.

ஆவணி 12

கோயில் தெப்பத்தில் போடுகிற மாதிரி சித்தப்பா ஒரு படி பொரியைக் கொட்டினார். விடிந்தபோது தண்ணீர் கஞ்சியாகிப் புளித்து நாறியது. கெண்டைக் குஞ்சில் பாதி செத்து மிதந்தன. மீதிப் பாதியைக் காணோம். கெளுத்தி வயிறு புடைக்கக் கிடந்தது.

"இந்த ஊருத் தண்ணி சரியில்ல" என்றார் சித்தப்பா. இதே தண்ணீரில்தான் அந்த மீன்கள் பிறந்தன.

அய்யா என் பக்கம் திரும்பினார். "பவுனு, நீ வீட்டுலதான இருக்க. நீயே பாத்துக்க." எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. நாற்றம் பிடித்த தொட்டி.

ஆவணி 20

கழுவி, வாய்க்கால் மணலைப் போட்டு, ஆற்றுத் தண்ணீர் ஊற்றினேன். ஒரே இனமாக இருந்தால் சண்டை வராது என்று நினைத்து, பெரிதும் சிறிதுமாகக் கெளுத்தியே விட்டேன். பெரியது சிறியதைத் தின்றுவிட்டது. சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தேனே, நானும் அவர் அண்ணன் மகள்தான்.

வாய்க்குள் நுழைகிற அளவாக இருந்தால் தின்னும். தன் ஜாதியா என்று பார்க்காது.

புரட்டாசி 6

தினமும் வாய்க்கால் படியில் உட்கார்ந்து பார்த்தேன். எது எந்த உயரத்தில் நிற்கிறது, எது எதைக் கண்டு ஓடுகிறது என்று. கெளுத்தியை வாய்க்காலில் விட்டுவிட்டு, அதன்படிதான் புது மீன் விட்டிருக்கிறேன். வெளிச்சி மேலேயே திரிகிறது; ஊசி மாதிரி, வெள்ளியாக. கெண்டைக் குஞ்சு நடுவில். அயிரை கீழே மணலைவிட்டு எழும்புவதே இல்லை. மூன்றுக்கும் வாய் சிறியது. ஒன்றின் இடம் இன்னொன்றுக்கு வேண்டாம். அதனால் ஒன்றையொன்று கண்டுகொள்ளவும் இல்லை.

எங்கள் வீட்டில் ஆறு பேர். ஆறு பேருக்கும் நடுக்கூடம்தான் வேண்டும்.

புரட்டாசி 19

ஒன்றும் சாகவில்லை. வருகிறவர்களிடம் சித்தப்பா, "தொரை சொல்லிக் குடுத்தது" என்கிறார்.

ஐப்பசி 2

பெரியகுளத்திலிருந்து மலைச்சாமி மாமா வரப்போகிறார். ஆத்தாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மாந்தோப்பு, இரட்டைக் கிணறு, நரைத்த பெரிய மீசை. அவர் மகன் ஆதித்தனுக்கு என்னைக் கேட்கிறார்கள். ஆத்தாவுக்குக் கால் தரையில் இல்லை. "எங்க அண்ணன் வீட்டுல ஒரு சத்தம் இருக்காது தெரியுமா?" என்கிறாள்.

எனக்குத் தெரியும். சின்ன வயதில் போயிருக்கிறேன். மாமா மட்டும் பேசுவார். அத்தை, பிள்ளைகள், வேலையாட்கள் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். ஏற்கெனவே வாய் திறக்காத என்னை அங்கே கொண்டுபோய் விட்டால் பத்து வருஷத்தில் என் குரல் எனக்கே மறந்துவிடும்.

இதை யாரிடம் சொல்வது? சொல்லத் தெரிந்தால் இந்தப் பயமே எதற்கு?

ஐப்பசி 8

வந்தார்கள். மாமா ஒரு பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். குடத்தின் வாயில் வாழை இலை கட்டியிருந்தது. உள்ளே உயிரோடு ஒரு முழ நீள விரால்.

"தங்கச்சி வீட்டுக்கு வெறுங்கையோட வருவனா?" என்றார். அப்போதுதான் தொட்டி கண்ணில் பட்டது. குனிந்து பார்த்தார். "என்ன மாப்பிள்ள, ஒரே பொடிசா இருக்கு? வீட்டுக்கு ஒரு ஆம்பள வேணாமா?" என்று சித்தப்பாவைக் கேட்டுக்கொண்டே குடத்தைச் சாய்க்கப் போனார்.

அவர் மகன் பின்னால் நின்றிருந்தான். ஒல்லி, கழுத்து நீளம். "அப்பா, அது மத்ததைத் தின்னுரும்" என்றான்.

"தின்னா என்ன? ஒனக்கா பசிக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். அய்யாகூட. அவன் தலையைக் குனிந்துகொண்டான். விரால் தொட்டிக்குள் விழுந்தது.

நான் மோர்த் தம்ளர்களோடு கதவோரம் நின்றேன். இவ்வளவுதானா இவன்? ஒரு வாக்கியம், ஒரு அதட்டல், முடிந்தது. இவனோடுதான் நான் காலம் தள்ள வேண்டுமாம்.

ஐப்பசி 9

வெளிச்சி இல்லை. கெண்டை இல்லை. மணலுக்குள் ஒளிந்த அயிரைகூட இல்லை. விரால் மட்டும் இருக்கிறது. திரும்பினால் வால் கண்ணாடியில் இடிக்கிறது.

எடுத்துவிடலாம் என்று ஆத்தாவிடம் கையால்தான் காட்டினேன். பதறிப்போனாள். "பெறந்த வீட்டுலருந்து வந்த சீரை வெளிய எடுப்பாகளா? அண்ணன் கேட்டா என்ன நெனைப்பாக? பரிசம் போடுற வரைக்கும் அது அங்கனதான் இருக்கணும்."

மீனுக்கு வந்த மரியாதை. இனி அதைச் சாகாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை.

ஐப்பசி 15

தினமும் வாய்க்காலில் குஞ்சு பிடித்து வந்து போடுகிறேன். எதைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேனோ அதையே இப்போது இரையாகப் போடுகிறேன். தொட்டியின் மேல் பலகை வைத்து அம்மிக் குழவியை ஏற்றியிருக்கிறார்கள், சம்பந்தி சீர் தாவி ஓடிவிடக் கூடாதல்லவா.

சித்தப்பா இன்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "உலகமே இப்பிடித்தான், பெருசு சின்னதைத் தின்னும்." பொரி போட்டுக் கொன்றவருக்கு உலகம் தெரிந்துவிட்டது.

ஐப்பசி 24

பரிசத்துக்கு நாள் குறித்ததைச் சொல்ல அவன் தனியாகச் சைக்கிளில் வந்தான். ஆண்கள் வயலில். ஆத்தா அவனை உட்காரச் சொல்லிவிட்டு, மோர் கடன் வாங்க மேலவீட்டுக்கு ஓடினாள்.

அவன் தொட்டியைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. தொட்டியிடம் பேசினான்.

"எங்க தோப்புக் கெணத்துல வெளிச்சி நெறைய கெடக்கு. ஆனா இது இருக்குற வரைக்கும் கொண்டாந்து பிரயோசனம் இல்ல."

எங்கிருந்துதான் எனக்கு வந்ததோ. கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னேன். "அன்னைக்கே ஒங்க அப்பாட்ட இதைச் சொல்லிருக்கணும்."

"சொன்னேனே."

"ஒருக்கச் சொன்னாப் போதுமா?"

அவன் கதவுப் பக்கம் திரும்பினான். "நீ ஒருக்கக்கூடச் சொல்லலையே" என்றான்.

ஆத்தா மோரோடு வந்துவிட்டாள்.

ஐப்பசி 25

என்ன திமிர் அவனுக்கு. நான் எப்படிச் சொல்வது? பொம்பளப் பிள்ளை, அதுவும் பேச்சு நடக்கிற வீட்டில் —

அவன் சொன்னது நிசம். அதுதான் ஆத்திரமாக வருகிறது. எல்லோரையும் மட்டமாக எழுதிக்கொண்டே இருக்கிறேன். அந்தக் குடம் சாய்ந்தபோது கூடத்தில் ஒருவன்தான் வாயைத் திறந்தான். அது நான் இல்லை.

கார்த்திகை 10

இன்று பரிசம்.

தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெரியவர் யாராவது பெண்ணைக் கேட்பது வழக்கம். பதிலுக்காக யாரும் கேட்பதில்லை. பெண் தலையைக் குனிந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வெற்றிலையை எடுப்பார்கள். மலைச்சாமி மாமாவே கேட்டார். "என்ன ஆத்தா பவுனு, எங்க வீட்டுக்கு வாரியா?" கை ஏற்கெனவே தட்டுக்குப் போய்விட்டது.

"தொட்டியில விரால் இருக்க வேணாம் மாமா" என்றேன்.

என் குரல் கிழிந்த துணி மாதிரி இருந்தது. ஆத்தா பின்னாலிருந்து என் இடுப்பைக் கிள்ளினாள். இப்போதும் வலிக்கிறது.

மாமா கையை எடுத்துக்கொண்டார். "தாய்மாமன் குடுத்த சீரு வேணாங்கிறியா?"

"வேணாங்கல. கொழம்பு வச்சுத் தாரேன். நீங்க இருந்து சாப்புட்டுட்டுப் போங்க."

அவர் என்னைப் பார்த்தார், எல்லோரையும் பார்த்தார். மாட்டேன் என்றால் தன் சீரைத் தானே சாப்பிட மறுத்ததாகும். சரி என்றால் நான் சொன்னது நடந்ததாகும். மீசைக்காரருக்கு யோசிக்க வெகுநேரம் ஆனது. அதற்குள் அவர் மகன் எழுந்து, குழவியை இறக்கி, பலகையை எடுத்து, பரிசத்துக்குக் கட்டிய புதுத் துண்டாலேயே விராலைச் சுற்றித் தூக்கிவிட்டான். சட்டை முழுக்கத் தண்ணீர்.

"ஏலே" என்றார் மாமா.

"மத்ததைத் தின்னுரும்பா" என்றான் அவன்.

"மத்தது எங்கடா இருக்கு இதுல?"

"இனிமே விடணும்ல."

அக்கம்மாள்தான் முதலில் சிரித்தாள். குழம்பு என்றால் அவளுக்குப் போதும்.

மாமா இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, "உப்பு கம்மி" என்றார். இல்லை. சரியாகத்தான் இருந்தது. தட்டு மாற்றினார்கள்.

மார்கழி 3

ஆத்தா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. சித்தப்பா மட்டும் ஊரெல்லாம் சொல்கிறார்: "அந்தப் பிள்ளைக்குத் தைரியம் எங்கிருந்து வந்துச்சு? எல்லாம் நான் வளத்த வளப்பு."

தை 27, பெரியகுளம்

தொட்டியும் என்னோடு வண்டியில் வந்தது. ஒரு பக்கக் கண்ணாடியில் கீறல். என் வீட்டுக்காரர் தோப்புக் கிணற்றிலிருந்து வெளிச்சி கொண்டு வந்தார். அதிகம் பிடித்துவிட்டார், பாதியைத் திருப்பி விடச் சொன்னேன். கெண்டை இனிமேல்தான். அயிரைக்கு வாய்க்கால் மணல் வேண்டும், இந்த ஊர் மணல் ஒரே முரடு.

மாசி 6

மாமா காலையில் ஒரு கை பொரியோடு தொட்டிக்கு வந்தார். போட வேண்டாம் என்றேன். பொரியைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு போனார். ஒருக்கத்தான் சொன்னேன்.