பாற்கடல் கடைசியில்தான்

அக். 12, வியாழன்

காலையில் தூறல். பத்து மணிக்குமேல் சுள்ளென்று வெயில். குடை ஆபீஸிலேயே கிடந்தது.

கரியாஹாட்டில் எங்கள் டிராவல் ஏஜென்சியில் துர்கா பூஜை விடுமுறைக் கூட்டம். இன்று எழுதிக் கொடுத்த பயணத் திட்டங்கள்: பாலி இரண்டு, பாங்காக் மூன்று, கம்போடியா ஒன்று. இருபத்திரண்டு வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஊரையே அனுப்பிக்கொண்டிருக்கிறேன். என் சொந்தப் பயணம் அப்பாவின் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து இப்போதைய சால்ட் லேக் வீடு வரை. கம்போடியாவுக்கு ஏஜெண்டுகளை இலவசமாக அழைத்தார்கள். முதலாளி தன் மைத்துனனை அனுப்பினார். திரும்பி வந்து அவன் சொன்னது: "ஒரே கல்லு, தாதா. பஸ்ஸுல ஏசி மட்டும் நல்லா இருந்துது." அங்கோர் சிற்பங்களைப் பற்றி எம்.ஏ. ஆய்வேடு எழுதியவன் நான். அவனுக்கு விசா மனு நிரப்பியவனும் நான்.

மாலை, எங்கள் பிளாக் பூஜைக் கமிட்டியின் செயலாளர் தபன்தா போன். (தா, தாதா எல்லாம் இங்கே அண்ணன். இனி த.தா.) இந்த வருடப் பந்தல்: நாலு நாடு, நாலு அதிசயம். விவரப் பலகை வேண்டுமாம்.

"ராகவன் பாபு, உங்களை விட்டா யாரு? சின்னதா, அழகா. கீழே உங்க பேர் வரும். துர்கா மேல சத்தியம்."

போன வருடக் கையேட்டையும் நான்தான் எழுதினேன். அச்சில் அவர் பெயர். நன்றிப் பட்டியலில் ஜெனரேட்டர்காரர் உண்டு, நான் இல்லை. மறக்கவில்லை.

எழுதத்தான் போகிறேன். சனியன், பிடித்த விஷயமாகிவிட்டது.

அக். 14, சனி. மகாளயா

விடிந்ததும் கங்கைக்கரை. இடிபட்டு, மிதிபட்டு அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும். திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது, அதிசயம்.

மத்தியானம், பந்தல் எழும் பிளாக் மைதானம். குறை சொல்லும் எண்ணத்தோடுதான் போனேன். முடியவில்லை.

தாய்லாந்து: வாட் அருண் கோபுரம். அசலில் பீங்கான் சில்லுகளைப் பதித்திருக்கிறார்கள். இங்கே பிளாக்கின் எல்லா வீட்டிலிருந்தும் வாங்கிய உடைந்த கப், சாஸர். வெயில் பட்டதும் கண் கூசியது. மூன்றாவது அடுக்கில் என் காபிக் கோப்பை, நீலப்பூ போட்டது. மனைவி மைதிலியிடம் கேட்டேன்.

"ஏங்க, காது போன கப்பு. வீட்டுல இருந்தா நீங்க அதையும் ஒரு குறையாச் சொல்லிட்டே இருப்பீங்க. அங்க நல்லாத்தானே இருக்கு?"

நன்றாகத்தான் இருக்கிறது.

இந்தோனேசியா: போரோபுதூர். அங்குள்ள ஓட்டை ஓட்டையான ஸ்தூபிகளுக்குக் கோழிக்கூடைகளைக் கவிழ்த்து மண் பூசியிருக்கிறார்கள். உள்ளே ஒவ்வொன்றிலும் ஒரு புத்தர். யாருக்குத் தோன்றும் இது!

வியட்நாம்: பிளாக் குளமே ஹா லாங் விரிகுடா. காகிதக்கூழ்ப் பாறைகள் தண்ணீரில் நிற்கின்றன. வாத்துகள் அவற்றை ஏற்றுக்கொண்டுவிட்டன.

நடுவில் கம்போடியா. மூங்கிலில் அங்கோர் வாட், ஐந்து கோபுரம். கருவறையில் தேவி வருவாள். கட்டுபவர் காந்தியிலிருந்து வந்த நிமாய். இந்த காந்தி திகா கடற்கரைக்குப் பக்கத்து ஊர். நிமாய்க்கு ஐம்பது வயது. வாயில் எப்போதும் ஓர் ஆணி. பேசுவதற்காக எடுப்பார், மறுபடி வைத்துக்கொள்வார். ஜூலையில் என் ஆய்வேட்டுப் படங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தேன். அத்தனையும் மூங்கில் பாயில் சணல் நாரும் களிமண்ணுமாக எழுந்து நிற்கிறது. வெளிப்பிராகாரம் முழுக்க.

அக். 16, திங்கள்

ஆபீஸில் முதலாளியின் மைத்துனன் லட்டு கொடுத்தான். வாங்கவில்லை. பிறகு சாப்பிட்டேன்.

மாலை நிமாயின் சுவர். முதலில் படை: யானைகள், குடைகள், காடாக ஈட்டிகள். அடுத்து சொர்க்கம், நரகம். கடைசியில் பாற்கடல். பாம்பை இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள், அடியில் மீன்கள் சிதறி ஓடுகின்றன. முப்பது வருடமாகக் கறுப்பு வெள்ளையில் பார்த்தது கைக்கெட்டும் தூரத்தில். கை நீட்டித் தொட்டுப் பார்த்தேன்.

ஒரு பிழை: மீன்களில் இரண்டு இலிஷ், இந்த ஊர்க்காரர்கள் உயிரை விடும் மீன். சந்தேகமே இல்லை, அந்த வயிறு, அந்த வால். கம்போடியச் சிற்பத்தில் இலிஷா? சொல்லித் திருத்த வேண்டும்.

அக். 17, செவ்வாய்

இன்று கண்டுபிடித்தது. சந்தோஷமாக எழுதுகிறேன்.

தடுப்புக் கம்பு கட்டிவிட்டார்கள். நுழைவாயிலிலிருந்து கூட்டம் இடப்பக்கம் திரும்பி, சுவர் வலக்கைக்கு வரும்படி சுற்றப்போகிறது. கோயில் பிரதட்சிணம் மாதிரி. அங்கோரில் அப்படி இல்லை. வலப்பக்கம் திரும்ப வேண்டும், சுவர் இடக்கைக்கு வர வேண்டும். அந்தப் படை நம்மோடு கூடவே நடக்கும். இவர்கள் வழியில் போனால் முதலில் பாற்கடல், பிறகு நரகம், பிறகு எதிரே முட்ட வரும் யானைகள். கதை முழுதும் தலைகீழ்.

வியாழன் மதியம் சிறந்த பந்தலுக்கான பரிசுக்குழு வருகிறது. அதில் ஓய்வு பெற்ற வரலாற்றுப் பேராசிரியை ஒருவர். அம்மையார் இரண்டு நிமிடத்தில் கேட்டுவிடுவார். த.தா. என்ன பதில் சொல்வார்? பெயரைப் போட்டுக்கொண்டவர் சொல்லட்டுமே. நான் ஒரு வார்த்தை பேசப்போவதில்லை.

மைதிலி: "என்ன, இன்னிக்கு முகமே வேற மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வெயில் குறைஞ்சிருக்கு."

அக். 18, புதன்

வெயில் குறையவில்லை.

ஆபீஸ் அரை நாள். மைதானத்துக்குப் போனேன், சும்மா. நிமாய் பாற்கடலுக்குக் கடைசிப் பூச்சு. துணித் திரைக்கு உள்ளேயே இருப்பதால் வெளியே கட்டிய தடுப்பை அவர் பார்க்கவில்லை.

ஆணியை எடுத்துவிட்டுச் சொன்னார்: "சப்தமிக்குப் பொண்டாட்டியும் பொண்ணும் வராங்க, தாதா. இருபத்தஞ்சு வருஷமாப் பந்தல் கட்டறேன், ஒண்ணைக்கூட அவ பாத்ததில்ல. பூஜைன்னா நான் இங்க, அவ அங்க. நம்மது கடல்கரை ஊரு. எல்லாத்தையும் பாத்துட்டுக் கடைசியில கடல் வரட்டும்னுதான் அதுக்கு நல்ல மண்ணா எடுத்து வச்சேன். வலப்பக்கம்தானே ஆரம்பம்? உங்க காகிதத்துல அம்புக்குறி போட்டிருந்துதே."

இருபத்து மூன்று வயதில் நான் பேனாவால் போட்ட அம்புக்குறி. அதை இதுவரை மதித்த ஒரே ஆள்.

"ஆமா, வலப்பக்கம்தான்" என்றேன். நேரே கமிட்டி ஷெட்.

த.தா. நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"என்ன சொல்றீங்க? சாமியை இடப்பக்கம் வச்சு யாராவது சுத்துவானா? நீங்க மாட்ராஜி, நீங்களே இப்படிச் சொன்னா?"

"அங்க அப்படித்தான்."

"இடமாச் சுத்தறது பித்ருகாரியம். மகாளயாவோட முடிஞ்சது. என் பந்தல்ல வேண்டாம்."

விஷயம் தெரிந்த மனிதர்தான், அதுதான் எரிச்சல். அங்கோர் எதிர்ச்சுற்றுக்கு அறிஞர்கள் சொல்லும் காரணங்களில் அதுவும் ஒன்று. சுவரைச் சுற்றுவது வேறு, சந்நிதி வேறு. உள்ளே தேவியை வலமாகவே வரட்டும் என்றேன். பேராசிரியை வருவதையும் நினைவுபடுத்தினேன். எண்ணிக்கை விட்டுப்போயிற்று அவருக்கு.

"சரி. ஆனா போலீஸ் தானாவுல வழி எழுதிக் குடுத்தாச்சு. இன்னிக்கு மாத்தணும்னா காரணம் எழுதணும். கமிட்டி தப்புப் பண்ணுச்சுன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன், ராகவன் பாபு."

உள்ளே போகும் வாசல், வெளியே வரும் வாசல் இரண்டும் ஒரே தெருவில். மாற்ற வேண்டியது அம்புப் பலகைகளையும் கயிற்றையும்தான். அவ்வளவுக்கு ஒரு மனிதன் தலை குனிய வேண்டும். அவர் குனிய மாட்டார். நான் அவர் முன்னால் குனிவேனா? போன வருடக் கையேடு, அதற்கு முந்தின வருடம் சரஸ்வதி பூஜை, லிஃப்ட் விவகாரம், எல்லாம் கண்முன்.

அவர் பேனாவையே வாங்கி எழுதினேன். கருப்பொருள் ஆலோசகர் ஆகிய நான் தவறான திசையைத் தெரிவித்துவிட்டேன், கமிட்டிக்கு இதில் பொறுப்பில்லை. முழுப் பெயர், கையெழுத்து. இந்தக் கமிட்டிக் காகிதம் ஒன்றில் என் பெயர் வருவது இதுவே முதல் தடவை.

த.தா. இரண்டு முறை படித்தார். "இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

தானாவில் இன்ஸ்பெக்டர் பெரியபாபு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார். இவ்வளவுதான்.

அக். 19, வியாழன். பஞ்சமி

லேசான மேகம். பரிசுக்குழு வந்தது. பேராசிரியை சிறிய உருவம், பெரிய கைப்பை. வாசலில் நின்றவர் வலப்பக்கம் திரும்பும் அம்பைப் பார்த்துச் சிரித்தார்.

"அட! இந்தத் திசை யாரு சொன்னது?"

த.தா. நெஞ்சில் கை வைத்து: "ரொம்ப ஆராய்ச்சி பண்ணி முடிவு பண்ணோம், தீதி."

நான் மூன்றாவது வரிசையில். மைதிலி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், அழுத்தமாக.

பலகைகள் வந்துவிட்டன. கீழே என் பெயர் இல்லை. இடமில்லையாம். போரோபுதூரில் எழுத்துப்பிழை இரண்டு.

அம்மையார் பாற்கடல் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். கூட வந்தவர்கள் இரண்டு முறை கூப்பிட்டார்கள்.

அக். 21, சனி. சப்தமி

தெளிந்த வானம். காலையிலிருந்தே ஜனம். காதில் விழுந்த அப்பா-பிள்ளைப் பேச்சு:

"கம்போடியா போக எவ்ளோ நேரம், பாபா?" "வரிசையில நில்லு, அரை மணி."

"அந்தக் கோழிக்கூடைக்குள்ள யாரு?" "புத்தர். கையைக் காலை ஆட்டாம வா."

த.தா. கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழிய: "டான் திகே! வலப்பக்கம்! இடப்பக்கம் திரும்பாதீங்க, அங்கோர்ல அப்படிக் கிடையாது!" சொல்லிக் கொடுத்தவன் பக்கத்திலேயே நிற்கிறேன். போகட்டும். சரியாகத்தான் சொல்கிறார்.

பதினோரு மணிக்கு நிமாய், மனைவி, மகள். நிமாய்க்குச் சலவைச் சட்டை. வாயில் ஆணி இல்லாமல் வேறு ஆள் மாதிரி. என்னையும் கூட வரச் சொன்னார்.

யானைகளோடு நடந்தோம். சொர்க்கம், நரகம். நரகத்தில் மகள் சிரித்தாள், ஒரு முகம் அவர்கள் ஊர் பஸ் கண்டக்டராம். திருப்பத்தில் கடல். நிமாயின் மனைவி நின்றுவிட்டாள். பின்னால் கூட்டம் நெருக்கியது, நான் முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். அவள் குனிந்து மீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இலிஷ் போட்டிருக்கியே," என்றாள் நிமாயிடம், "அந்தத் தேசத்துல இலிஷ் கிடைக்குமா?"

நிமாய் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கிடைக்கும் என்றேன்.