சத்தம் போடாத காற்றாடி

அம்மணி,

இன்று காலை கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். நீ போன பிறகு இதுதான் முதல் முறை. உள்ளே ஒரு விரல் கனத்துக்குத் தூசி. பழைய பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே வந்தபோது, பிராசசர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தணிக்கும் கூலரின் காற்றாடி நடுவில் நீளமாக ஒரு முடி சுற்றியிருந்தது. பாதி கறுப்பு, பாதி நரை. அறுந்துவிடாமல் பிரித்தெடுக்க அரை மணி நேரம் ஆனது. அதை ஒரு தாளில் மடித்து உன் புடவைகளுக்கு நடுவே வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

பெரியநாயக்கன்பாளையத்துப் பள்ளியில் தமிழ்ப் பாடம் நடத்திவந்த நீ, கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்பத் தொடங்கியபோது, அதற்காகத்தான் இந்தக் கம்ப்யூட்டரை வாங்கினோம். மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்களின் ஹாரன் தொடங்கும் முன், காலை ஐந்தரைக்கு மாடி அறையில் உட்கார்ந்து வாசிப்பாய். அதை ஞாயிற்றுக்கிழமைகளில் திருத்திச் சுத்தம் செய்வது என் வேலை.

அந்த ஏப்ரலில் வெள்ளகோவிலில் இருந்து சுகன்யா போன் செய்தாள். உன் பதிவுகளைக் கேட்டு ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த, கண் தெரியாத பெண். நீ ஸ்பீக்கரில் போட்டாய்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. உங்க குரலுக்குப் பின்னாடி ஏதோ மில்லு ஓடற மாதிரி கேக்குதுங்க."

உனக்கு முகம் விழுந்துவிட்டது. மில் வேறெதுவும் இல்லை, பிராசசரோடு சேர்ந்து வந்த சின்னக் காற்றாடிதான். மொட்டை மாடிச் சூட்டில் அது வெறிபிடித்துச் சுற்றியது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் பார்த்தோம். காற்று கிடைக்காமல் இன்னும் சூடேறி இன்னும் அதிகமாகக் கத்தியது. வேறு கூலர் வாங்குவதென்று முடிவானது. வண்டிக்கு டயர் மாற்ற எடுத்து வைத்திருந்த பணம்தான் நம் வரம்பு.

காந்திபுரத்தில் கடைக்கார பாய் மூன்று கூலர்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று சின்னப் பம்பு வைத்துத் தண்ணீர் ஓடிக் குளிர்விப்பது, கலர் கலராக விளக்கு எரிந்தது. ஒன்று இரட்டைக் காற்றாடி வைத்த உயரமானது. மூன்றாவது ஒற்றைக் காற்றாடியோடு, பார்க்க எந்த அழகும் இல்லாத அலுமினியக் கட்டு. எனக்கு முதலாவதன் மேல் ஆசை. டயர் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டால் வாங்கிவிடலாம் என்றேன். பம்பு செய்கிற கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டுக் காற்றாடி வாங்கிப் போவதா என்றும் சொன்னேன்.

"பம்புன்னா ஒரு நாளைக்கு ஒழுகுமுங்க," என்றாய். "நீங்கதான தெனமும் ஊட்டுக்கு வந்து அதையே சொல்றீங்க."

பாய் சிரித்துவிட்டார். "அம்மா சொல்றது சரிதான் சார். உங்க பிராசசருக்குத் தண்ணி கூலரெல்லாம் அதிகம்."

இரட்டைக் காற்றாடியை நான் கையோடு கொண்டுபோயிருந்த வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். நம் பெட்டியின் அகலத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் கூடுதல். தகடு மூடாது. அப்போதும், தகட்டைத் திறந்தே வைத்துக்கொள்ளலாம் என்றேன். நீயோ பாயிடம் திரும்பி, "ஏனுங்க, மேல ஓடற ஃபேனைக் கொஞ்சம் நிறுத்தறீங்களா?" என்று கேட்டாய். அந்த வெயிலில் அவரும் நிறுத்தினார். மூன்றுக்கும் ஒவ்வொன்றாக கரண்ட் கொடுக்கச் சொல்லி, கண்ணை மூடிக் காதை அருகில் வைத்தாய். கடையில் இருந்த எல்லோரும் வேர்க்க வேர்க்க உன்னையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இது மொணமொணங்குது. இது விசிலடிக்குது," என்றாய். அலுமினியக் கட்டின் மேல் கை வைத்தாய். "இது சும்மா இருக்குதுங்க."

"லைட்டு இல்லையே அம்மணி," என்றேன்.

"கேக்கறதுக்குத்தானுங்க வாங்கறோம்."

வீட்டுக்கு வந்து மாட்டினோம். நீ டார்ச் பிடித்தாய். பிராசசர் மேல் வைக்கும் வெள்ளைப் பசையை நான் தாராளமாகப் பிதுக்கப் போக, "தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவற மாதிரி தடவாதீங்க. பொட்டு வெச்சாப் போதும்னுதான பாய் சொன்னாரு," என்று கையைப் பிடித்து நிறுத்தினாய். சுவிட்சைப் போட்டபோது ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இருவரும் குனிந்து பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டோம். அடுத்த பதிவைக் கேட்டுவிட்டு, நீ பக்கத்தில் உட்கார்ந்து படிப்பது போல இருக்கிறது என்று சுகன்யா சொன்னாள். அன்று பூராவும் நீ அதையே சொல்லிக்கொண்டிருந்தாய்.

இனி எழுதப்போவது உனக்கும் தெரியும். ஆனாலும் எழுதவேண்டும்.

மில் சத்தம் போன பிறகுதான் உன் மூச்சு கேட்கத் தொடங்கியது. திருத்தும்போது திரையில் உன் குரல் மலை மலையாக எழுந்து இறங்கும். இடையே உன் மூச்சு, சின்னச் சின்ன மேடுகளாக. முதலில் பத்திக்கு ஒன்று இருந்தது. ஆடி மாதத்தில் வாக்கியத்துக்கு ஒன்றானது. ஐப்பசியில் வாக்கியத்தின் நடுவிலேயே வந்தது. ஒவ்வொன்றையும் தேர்ந்து, வெட்டி, இரண்டு முனைகளையும் ஒட்டினேன். பதிவு சுத்தமாக வந்தது. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுத்துப்போய், "அம்மணி, பாதி வாக்கியத்துல மூச்சு வாங்காத. வெட்டறதுக்கே நேரம் போயிருது," என்றேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாய். "சரிங்க. அடக்கிக்கறேன்."

அப்படியே அடக்கிக்கொண்டும் படித்தாய். அடுத்த வாரப் பதிவில் மேடுகள் குறைவாக இருந்தன. நல்ல முன்னேற்றம் என்று நான் உன்னிடம் சொன்னேன்.

மார்கழியில் ஒரு காலை மாடிப்படியில் ஏழாவது படியோடு உட்கார்ந்துவிட்டாய். பீளமேட்டு ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா கேட்டார்: "மூச்சு வாங்கறது எத்தனை நாளா இருக்குங்க?"

"ஒரு வாரமாத்தானுங்க," என்றாய்.

எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியும். எந்தப் பாடத்தின் எந்தப் பக்கத்தில் தொடங்கியது என்றுகூடத் தெரியும். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றேன். இதய வால்வு சுருங்கிப்போய் வெகுநாள் ஆகிவிட்டது, உடம்பு ஆபரேஷனைத் தாங்கும் நிலையில் இல்லை, கொஞ்சம் தேற்றிக்கொண்டு பார்க்கலாம் என்றார்கள். நீ தேறவில்லை.

எட்டாம் நாள் உன்னிடம் சொன்னேன். நீ ஆக்சிஜன் குழாயோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். "உன்ற மூச்சை நான் கேட்டேன் அம்மணி. கேட்டுப்போட்டு வெட்டி வீசிட்டேன்."

மெதுவாகத் திரும்பினாய். "எனக்குத் தெரியாதுங்களா? நானும்தான சொல்லாம இருந்தேன். சொன்னா படிக்க உடமாட்டீங்க. அந்தப் புள்ளைக்குப் பரீட்சை வருதுங்க."

உன் விரல்கள் என் மணிக்கட்டின் மேல் இருந்தன. கனமே இல்லை. அதற்கு மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

காரியம் முடிந்த மறுநாள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, வெட்டியெடுத்த துண்டுகளில் ஒன்றாவது எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினேன். இடம் போதவில்லை என்று திருத்தாத பதிவுகளை எல்லாம் நானே மாதாமாதம் அழித்திருந்தேன். இப்போது நாற்பத்தொரு பாடங்கள் இருக்கின்றன. உன் குரல் தெளிவாக, ஒரு இடத்திலும் தடைபடாமல் போய்க்கொண்டே இருக்கிறது. மூச்சு விடாத ஒருத்தி படிப்பது போல இருக்கிறது. இரண்டு நிமிஷத்துக்கு மேல் என்னால் கேட்க முடிவதில்லை.

சுகன்யா தேர்ச்சி பெற்றுவிட்டாள். போனில் அழுதாள். நான் வாழ்த்துச் சொன்னேன். சந்தோஷப்பட்டேன் என்று உன்னிடம் எழுதினால் அது பொய். அந்தச் சந்தோஷம் உன்னுடையது, நீ இல்லாமல் அதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் கம்பெனியில், ஸ்டோருக்கு ஏறும் இரும்புப் படியில் பழனிசாமி எனக்கு முன்னால் போனான். மோட்டார் பிரிவில் என்னோடு பத்து வருஷமாக இருப்பவன். நான்காவது படியில் அவன் மூச்சை இழுத்த விதத்தில் என் கால் நின்றுவிட்டது.

"எத்தன நாளா இப்படி இருக்குது?" என்றேன்.

"வெயிலுங்கண்ணா."

"வெயில் இல்ல. கெளம்பு."

லீவு சொல்லிவிட்டு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான். இரண்டு நாளில் அவன் இதயத்தில் இருந்த அடைப்பை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டான். அவன் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஊட்ல கூடவே இருக்கற எனக்குத் தெரியலீங்களேண்ணா, நீங்க எப்படிக் கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டாள்.

கேட்டதுங்க என்று மட்டும் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வண்டி நிறுத்தம் வரை வேகமாக நடந்தேன்.

இப்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர், மளிகைக் கடைக்காரர், கோயில் படியேறும் கிழவி, யாராக இருந்தாலும் அவர்கள் பேசுவதற்கு முன் அவர்கள் மூச்சைக் கேட்கிறேன். நிறுத்த முடியவில்லை. ஒரு வாக்கியத்தின் நடுவில் யாராவது நின்றால், அவர்கள் மீண்டும் தொடங்கும் வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அம்மணி.