பயிற்சிக் கண்ணாடிக்குள் என் முகம்

மார்ச் 1, சனி

காலையிலிருந்து புழுக்கம். மழை வரும்போல இருட்டி, வராமலே போனது. துணி பாதிதான் காய்ந்தது.

மதியம் மகன் கவின் முகாமிலிருந்து புக் அவுட், விடுப்பில் வந்தான். கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்தத் தடவைதான் வாரக்கணக்கில் வீட்டுக்கு விடவில்லை. கறுத்துவிட்டான். தோள் அகன்றிருக்கிறது. வாசலில் பூட்ஸைக் கழற்றக் குனிந்தவன் நிமிரவே இல்லை.

"கண்ணா, இங்க பாரு. மெலிஞ்சுட்டியா?"

பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மட்டன் குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல், அப்பளம். எல்லாம் அவனுக்குப் பிடித்தது. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். இவர் பஸ் ஓட்டிவிட்டு நாலு மணிக்கு வந்தார். சொன்னேன். "டயர்டா இருப்பான், விடு லா."

சேர்ந்த புதிதில்கூட இப்படி இருந்ததில்லை. பெண் விஷயமோ?

மார்ச் 2, ஞாயிறு

இட்லி. சட்னியில் உப்பு கூடிவிட்டது, யாரும் சொல்லவில்லை.

சமையலறை ஜன்னலோரம் நின்று நாடகக் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் பதில் அடித்துக்கொண்டிருந்தேன். புது நாடகத்திலும் எனக்கு அம்மா வேடம்தான். நாற்பது வயதிலிருந்து அம்மா. இனி பாட்டிக்குத்தான் பதவி உயர்வு.

பின்னால் ஏதோ விழுந்த சத்தம். திரும்பினால் கவின். தண்ணீர் எடுக்க வந்தவன் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். பாட்டில் தரையில். முகத்தில் ரத்தமே இல்லை.

"அங்க நிக்காதீங்க மா."

"எங்க?"

"ஜன்னல் கிட்ட. கைல போனோட. ப்ளீஸ் மா."

போனைக் கீழே வைத்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தக் குரல் அப்படி.

சாயங்காலம் அவனைக் கூட்டிப்போக ஹக்கீம் வந்தான். இவன் பிரிவிலேயே இருக்கும் மலாய்ப் பையன். பெயர் அடிக்கடி கேட்டதுண்டு, பார்த்தது இன்றுதான். கதவைத் திறந்ததும் வணக்கம் சொல்ல நெஞ்சுக்குக் கையைக் கொண்டுபோனவன் அப்படியே நின்றுவிட்டான். என் முகத்தையே பார்த்தான். ஓரடி பின்னால் போய் நடைபாதைக் கம்பியில் இடித்துக்கொண்டான்.

"ஆன்டி... யூ ஆர் ரியல்."

"ஹக்கீம்!" என்று உள்ளேயிருந்து கவின் கத்தினான். இருவரும் வேகமாகப் போய்விட்டார்கள். லிஃப்ட் கதவு மூடுவதற்குள் காதில் விழுந்தது: "ப்ரோ, தட் ஒன் யுவர் மதர்? வை யூ நெவர் சே?"

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பொட்டு இருந்தது. வேறு என்ன பார்த்திருப்பான் அவன்?

மார்ச் 5, புதன்

மழை. சிராங்கூன் ரோடு முழுக்கக் குடை. நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் வழக்கத்தைவிடக் கூட்டம், பல்வலிக்கு மழை ஒரு பொருட்டில்லை. இரண்டு பேர் என் கவுன்டரிலேயே சண்டை, யார் முதலில் வந்தது என்று.

எக்ஸ்ரே அறையில் நர்ஸ் ஒரு கட்டுமானத் தொழிலாளியிடம் சொல்வது கேட்டது. "நேரா பாருங்க. அசையாதீங்க. மூச்சு மட்டும் விடுங்க."

பேனா கையில் நின்றுவிட்டது. இதே வார்த்தைகளை எனக்கும் யாரோ சொன்னார்கள்.

போன வருடம். நாடகத் தோழி ஒருத்தி அனுப்பிவைத்த ஒருநாள் வேலை. ஊபியில் ஒரு கம்பெனி. வட்டமான அறை, சுற்றிலும் கேமரா. ராணுவப் பயிற்சிக்கு, கம்ப்யூட்டர் கேம் மாதிரி, பொதுமக்களாக நடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். வீட்டில் போடுவதையே போட்டு வரச் சொன்னார்கள். நீலச் சுடிதாரில் போனேன். முதலில் அசையாமல் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு நடிப்பு. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நில். அதே இடத்தில் பிளாஸ்டிக் துப்பாக்கியோடு நில். கையைத் தூக்கு. ஓடு. விழு.

கடைசியில், "உங்க சொந்த மொழியில கத்துங்க, என்ன வருதோ அது."

"கண்ணா, வேணாம்டா!" என்று கத்தினேன். எல்லாரும் கைதட்டினார்கள். அன்றைக்கெல்லாம் எனக்குப் பெருமைதான். இவரிடம் மட்டும் சொன்னேன். கவினுக்கு அப்போது பாலிடெக்னிக் பரீட்சை, தொந்தரவு செய்யவில்லை. பிறகு மறந்தே போனது.

கண்ணா. அவனைத் தவிர வேறு யாரை நான் அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன்?

அந்தக் கம்பெனி இன்ஜினியர் அருணின் நம்பர் போனில் இன்னும் இருந்தது. திருச்சிக்காரர். அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர். போன் போட்டேன். "வாங்க மேடம். மத்ததெல்லாம் காட்டக் கூடாது, உங்க உருவத்தை மட்டும் காட்டறேன்" என்றார்.

மார்ச் 7, வெள்ளி

அரைநாள் லீவு. ஊபி. வெயிலில் கண் கூசியது.

அருணுக்குத் தன் வேலைமீது அத்தனை ஆசை. கை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார்.

"முன்னாடி இதெல்லாம் தனித்தனியா இருந்துச்சு மேடம். வெளில ஓடறது ஒரு பயிற்சி, ஸ்க்ரீன் முன்னாடி உட்காந்து பண்றது வேற பயிற்சி. இப்ப எல்லாம் ஒன்னு. பசங்க உண்மையான கட்டடத்துக்குள்ளதான் ஓடுவாங்க. கண்ணாடி மாட்டியிருப்பாங்க. காலி ரூம்ல நீங்க நிக்கறது அதுல தெரியும். வேற முகாம்ல சீட்ல உட்காந்திருக்கறவங்க அதே கட்டடத்துக்குள்ள எதிரியா வருவாங்க. யாருக்கும் அடிபடாது. ஆனா மனசு உண்மைன்னே நம்பிடும்."

திரையில் சாம்பல் வெளி. நடுவில் நான். அதே நீலச் சுடிதார். துப்பட்டா ஓரம் பிரிந்திருந்த நூல்கூட அப்படியே.

சும்மா நின்றுகொண்டிருந்தேன். மார்பு மெல்ல ஏறி இறங்கியது.

"மூச்சு விடறேனே."

"ஆமா மேடம். ஒன்னும் செய்யாம நிக்கும்போதும் உயிரோட இருக்கற மாதிரி தெரியணும்ல."

ஏதோ ஒன்றை அழுத்தினார். நான் விழுந்தேன். தலை கடைசியாகத் தரையில் பட்டது. மறுபடி அழுத்தினார். எழுந்து நின்று, ஒன்றும் நடக்காததுபோல மூச்சு விட்டேன்.

"இதுவரைக்கும் எத்தனை தடவை விழுந்திருப்பேன்?"

அவர் கை மவுஸிலிருந்து விலகியது. "அது... கணக்கு வச்சுக்கறதில்ல மேடம்."

என் மகன் ராணுவத்தில் இருப்பதைச் சொன்னேன். அருண் திரையை அணைத்தார். பிறகு, "வேணாம்னா ஒரு மெயில் போடுங்க. முகத்தை மாத்திடலாம்" என்றார். நல்ல பையன். அன்றைக்குப் படித்துப் பார்த்துத்தான் சம்மதம் கொடுத்தேன். யார்மீதும் தப்பில்லை. அதுதான் கஷ்டம்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "எங்க காலத்துல அட்டை மனுஷன்தான். சுட்டா மடங்கும். முகம்னு ஒன்னு கிடையாது." பிறகு சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "அது கேம்தான் லா, மாலா." ஆனால் முழுதாகச் சாப்பிடவில்லை.

மெயில் இன்னும் போடவில்லை. முதலில் கவின் வாயால் கேட்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

கவின் வரவில்லை. வெளிப் பயிற்சியாம். ஒரு வரி மெசேஜ்.

ஒத்திகைக்கு டோபி காட் போனேன். ரயிலில் எதிர் சீட்டில் பச்சைச் சீருடையில் ஒரு பையன். என்னைப் பார்த்தான். போனைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனான். உட்கார இடம் தேடிப் போயிருக்கலாம். உட்கார்ந்துதானே இருந்தான்?

இந்த ஊரில் எத்தனை பையன்கள் நான் விழுந்ததைப் பார்த்திருப்பார்கள்? கிளினிக்குக்குப் பல் காட்ட வருகிறவர்கள், அடுத்த புளோக்கில் பந்து விளையாடுகிறவர்கள். அவர்களுக்கு நான் யார் என்று தெரியாது, என் முகம் தெரியும்.

ஒத்திகையில் மகன் பிணத்தின்மீது விழுந்து அழும் காட்சி. வசனத்தில் "கண்ணா" வருகிறது. அந்த இடத்தில் மகனாக நடிப்பவன் சட்டையை இறுகப் பிடித்துவிட்டேன். "சூப்பர் மாலா, அப்படியே வச்சுக்க" என்றார் டைரக்டர். நான் நடிக்கவில்லை.

பால், பெருங்காயம், இவருக்கு மூட்டுவலி மருந்து. மூன்றும் வாங்க மறந்தேன்.

மார்ச் 15, சனி

மதியம். வெளியே இடி. சமையலறை மேசையில் நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். கவின் தானாகவே வந்து எதிரில் உட்கார்ந்து, அவனும் கிள்ளினான். கண் தட்டிலேயே.

"ஹக்கீம் சொல்லிட்டானா?"

"இல்ல. நானே அந்தக் கம்பெனிக்குப் போய்ப் பாத்தேன்."

தலையாட்டினான். இன்னும் இரண்டு நெத்திலி கிள்ளினான்.

"ஃபர்ஸ்ட் டைம் நான் சுடல மா. கதவைத் தள்ளினேன், நீங்க நிக்கறீங்க. நம்ம வீட்டு ட்ரெஸ். கைல போன். என்னைப் பாத்து, 'கண்ணா, வேணாம்டா'ன்னீங்க. ஃப்ரீஸ் ஆயிட்டேன். பக்கத்து ரூம்லேர்ந்து எதிரி வந்துட்டான். ஹக்கீம் போட்டிருந்த வெஸ்ட் பீப் அடிச்சுது, சுடுபட்டா அப்படித்தான் அடிக்கும். அப்புறம் எல்லாருதும். அவ்ளோதான், எல்லாரும் செத்துட்டோம்."

"சார்ஜன்ட் திட்டினாரா?"

"திட்டல. பெரிய ஸ்க்ரீன்ல போட்டுக் காட்டினாங்க. யார் எங்க ஓடினான்னு மேலேர்ந்து தெரியும். எல்லாப் புள்ளியும் ஓடுது, என் புள்ளி மட்டும் அசையல. ஏன் நின்னன்னு கேட்டாங்க."

"சொல்ல வேண்டியதுதானே, அது எங்கம்மான்னு."

"சொன்னா சிரிப்பாங்க. இல்லன்னா பாவப்படுவாங்க. ரெண்டும் வேணாம் மா."

இடி. விளக்கு ஒருமுறை சிமிட்டியது. கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "அப்புறம்?"

"அடுத்த ரவுண்ட்ல வேற ரூம்ல இருந்தீங்க. சுட்டேன்."

என் விரல்கள் வேலையைச் செய்துகொண்டே இருந்தன.

"உங்க கைல துப்பாக்கி இருந்துச்சு. எல்லாரும் குட் ஜாப்னாங்க. முதுகுல தட்டினாங்க. ஆனா..." குரல் உடைந்தது. "நான் கையைப் பாக்கல மா. துப்பாக்கியா போனான்னு அப்புறம்தான் தெரியும். முகத்தைப் பாத்ததும் சுட்டேன். அந்த முகத்தாலதான் முதல்ல எல்லாரும் செத்தோம்னு மண்டைல ஓடிச்சு."

எழுந்து அவன் பக்கம் போனேன். "சரிதான் கண்ணா. அது நான் இல்ல. நீ உன் வேலையத்தான் செஞ்ச." மேடையில் பேசுவதுபோல என் காதுக்கே கேட்டது.

தோளைக் குறுக்கிக்கொண்டான். "அந்த வார்த்தை வேணாம் மா. கொஞ்ச நாளைக்கு."

மழை கொட்டித் தீர்த்தது. அவன் தலையில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை. அதுவே போதும் என்று நின்றேன்.

உடனே அருணுக்கு மெயில் போட்டேன்.

மார்ச் 20, வியாழன்

அருணிடமிருந்து பதில். மாற்றிவிட்டார்களாம். "இனிமே நீங்க எங்கயும் இருக்க மாட்டீங்க மேடம்." ஆறுதலாகத்தான் எழுதியிருக்கிறார்.

கவினுக்கு மெசேஜ் அடிக்கும்போது முதல் வார்த்தை தானாகக் "கண்ணா" என்று வந்துவிடுகிறது. அழித்துவிட்டுக் "கவின்" என்று அடிக்கிறேன். அவன் பெயர்தான், நாங்கள் தேடி வைத்த பெயர். யாரோ வீட்டுப் பையனுக்கு எழுதுவதுபோல இருக்கிறது.

கிளினிக்கில் ஏசி ரிப்பேர்.

மார்ச் 29, சனி

நல்ல வெயில், காற்றும் இருந்தது. கவின் காலையிலேயே வந்துவிட்டான். பசிக்கிறது என்றான்! நான்கு தோசை. ஹாலில் உட்கார்ந்து, இவரோடு பேசிக்கொண்டே சாப்பிட்டான். இவர் தேவையில்லாத ஜோக்கெல்லாம் சொன்னார்.

தானாகவே ஆரம்பித்தான். "எடுத்துட்டாங்க மா. இப்ப வேற ஆன்டி. சைனீஸ் முகம்."

"நல்லதாப் போச்சு."

"முகம் மட்டும்தான் மாத்தியிருக்காங்க. குரல் உங்களோடதுதான்."

இவர் டம்ளரைக் கீழே வைத்தார். யாரோ ஒரு சீனப் பெண்மணி வாயைத் திறந்து என் குரலில் என் மகனைக் கெஞ்சுகிறார். அவருக்கும் மகன் இருப்பானா? எந்த முகாமில்?

"என்ன பண்ணின?" என்றேன்.

"குரல் கேட்டதும் நின்னேன். ஆனா ஃப்ரீஸ் ஆகல. கையைப் பாத்தேன். போன்தான். சுடல. வெளில கூட்டிட்டு வந்தோம்."

அருணிடம் சொல்லிக் குரலையும் எடுத்துவிடச் சொல்லட்டுமா என்றேன். யோசித்தான். "இருக்கட்டும் மா. அது கேட்டா நின்னு பாக்கறேன்."

என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். இத்தனை வாரத்தில் முதல்முறை.

பிறகு இருவருமாகத் தேக்கா மார்க்கெட் போனோம். அவனேதான் கேட்டான், மீன்குழம்பு வேண்டுமென்று. சனிக்கிழமைக் கூட்டம், நோன்புப் பெருநாள் கூட்டம் வேறு. ஈரத் தரை. எனக்கு அரையடி முன்னால் நடந்தான். தலை குனிந்தே இருந்தது. வழுக்குமென்று தரையைப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

"கீழ என்னத்த தேடற?"

"தேடல மா. வர்றவங்க கையைப் பாக்கறேன்."

"எதுக்கு?"

"தெரியல. பழகிடுச்சு."

பூக்கடைப் பெண்ணின் கை. இறைச்சி வெட்டுகிறவரின் கை. தள்ளுவண்டிக் குழந்தையின் கை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தெங்கிரி மீன், ஊரில் வஞ்சிரம் என்போமே, நன்றாக இருந்தது. நிறுக்கச் சொன்னேன். மீன்காரருக்குக் காசு கொடுக்கத் தோள்பைக்குள் கையை விட்டேன். கவினின் கண் அங்கே வந்து நின்றது. நான் யார் என்பதையே மறந்த பார்வை. மீன்காரர் ஏதோ கேட்டார், அவனுக்குக் காதில் விழவில்லை.

கையை மெதுவாக வெளியே எடுத்தேன்.