வெளுத்துப்போன கன்னம்

மார்ச் 4, செவ்வாய்

கண்டக்டர் அம்மாவைப் படம் எடுத்தேன். பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வுபெற்றவர். தாடையில் கட்டி, பதினெட்டாம் தேதி ஆபரேஷன். முகம் மாறிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "அதுக்கு முன்னாடி அம்மா முகத்தை அப்படியே எடுத்துக் குடுங்கக்கா" என்றாள் மகள். சின்ன அறை, பின்னால் கறுப்புத் திரை, கரும்பச்சைப் புடவை. ஃபிளாஷை ஆட்டோவில் போட்டு நேராக அடித்தேன். சீக்கிரமே முடிந்தது. பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு.

மார்ச் 5

கம்ப்யூட்டரில் திறந்து பெரிதாக்கினேன். நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி. ஒரு சுருக்கம்கூட இல்லை. திரையும் புடவையும் கறுப்பாக இருக்க, அறையே இருட்டு என்று முடிவுகட்டி வெளிச்சத்தைக் கொட்டியிருக்கிறது ஃபிளாஷ். வெளிச்சம் மிஞ்சி வெளுத்த இடத்தைக் கேமரா உடனே மினுக்கி எச்சரிக்குமே? தொந்தரவு என்று அதை அணைத்து வைத்தவள் நான்தான். இப்போது சரிசெய்யலாமா? எதை? பதிவாகாததை எங்கிருந்து கொண்டுவர — ஐயோ, ஏன்டி இப்படிப் பண்ணினே!

மார்ச் 6, காலை

மகளிடம் உண்மையைச் சொன்னேன். "ஆபரேஷனை நாளைக்கே வச்சுட்டாங்கக்கா. சாயங்காலம் அட்மிட் ஆகணும்" என்றாள். மதியம் வரட்டுமா என்றேன். "அம்மாவைக் கேக்கணும்" என்று போனை வைத்துவிட்டாள்.

இன்னும் கூப்பிடவில்லை.

மார்ச் 6, இரவு

கூப்பிட்டாள், ஓடினேன். நாற்காலியை வெள்ளைச் சுவரருகே இழுத்துப்போட்டேன். ஃபிளாஷின் தலையை முகத்திலிருந்து திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தேன்; வெளிச்சம் அதில் பட்டு மெதுவாக வரட்டும். ஆட்டோ வேண்டாம், வலுவைக் கையாலேயே குறைத்தேன். அணைத்து வைத்திருந்த எச்சரிக்கையைப் போட்டுவிட்டு, முதலில் மகளை வைத்துச் சோதனை. கேமராவில் கன்னம் மினுக்கியது. இன்னும் குறைத்தேன். மினுக்கல் நின்றது.

"சீக்கிரம் ஏறும்மா, வண்டி கிளம்பிருச்சு" என்றார் கண்டக்டர் அம்மா, வலியோடு. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அழுத்தினேன்.

மகள் பெரிதாக்கிப் பார்த்தாள். சுருக்கம் ஒவ்வொன்றும் இருந்தது. "அம்மாதான்" என்றாள். வாசலில் கார் ஹார்ன் அடித்தது.

மார்ச் 7

போன் வரவில்லை. நானாகக் கேட்கவும் பயம்.

மார்ச் 27

மகள் பேசினாள். வீட்டுக்கு வந்துவிட்டார்களாம். வாய் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, பேச்சு இன்னும் வரவில்லை. "கண்ணாடியைப் பாத்து அழுவாங்கன்னு நெனச்சேன்க்கா. ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் கேமரா மாதிரி கைய வச்சு, விரலை அழுத்திக் காட்டுறாங்க. இந்த முகத்தையும் எடுக்கணுமாம்."

ஞாயிறு காலை போகிறேன்.