மதகு தாண்டிய பவளம்

முக்கூடல்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிருந்தாவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் புதிதாகச் சேர்ந்திருக்கும் பவளமும் சுகம், அங்கே அந்தப் பனியில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கக் காந்திமதியம்மையைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு என் கதையை அவள் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாள், அவள் சொல்லும்போது நான் இன்னும் பெரிய மடையனாக இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். குதிரையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் அப்பா என்று போன வாரம் சொன்னாய். விலங்குக் காப்பகத்துக்குத் தவிடு கொடுக்கப் போனவன் குதிரையோடு வந்து நின்றது கிறுக்குத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் திருப்பிக் கொடுப்பதாக இல்லை. பாவம், கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரே தூரம் போவதும் திரும்புவதுமாகவே அதன் காலம் கழிந்திருக்கிறது. இங்கேயும் அந்தத் தூரம் வந்ததும், நம் வாய்க்கால் மதகுப் பக்கம், தானாகத் திரும்பிவிடும். கயிற்றை இழுத்தால் நின்ற இடத்தில் நடுங்கும். மாதக் கடைசியில் காப்பகத்தார் வந்து பார்ப்பார்கள், இப்படியே இருந்தால் திரும்ப அழைத்துப் போய்விடுவார்கள்.

நான் செய்த வேலையைக் கேள். அது நிற்கும்போதெல்லாம் மனசு பொறுக்காமல் ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டி கொடுத்தேன். மறுநாள் மதகுக்கு முன்னாலேயே நின்றது, அப்புறம் வாசலை விட்டே நகராமல் என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றது. பக்கத்து வயல் குமரவேல் அந்த வழியாகப் போனவன், என்ன வே நாயகம், மாப்பிள்ளை அழைப்பா, பொண்ணு எங்கன இருக்கு என்று கேட்டுவிட்டுப் போனான். கால்நடை டாக்டரம்மா ரைஹானத் வந்து பார்த்துவிட்டு, அண்ணாச்சி, நீங்க அதுக்கு நிக்கத்தான பழக்கிருக்கீங்க, இனிப்பு கூடுனா குளம்பு போயிரும், கயித்த விட்டுட்டு முன்னால பைய நடங்க, அது கூட வந்தா தடவிக் குடுங்க, நின்னா திரும்பியே பாக்காதீங்க என்றார். இவுகளையும் நான் அப்படித்தான் பழக்கினேன் என்று உன் அம்மா சொல்ல, இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பவளமே மிரண்டுவிட்டது.

திரும்பிப் பார்க்காமல் நடப்பது லேசில்லை அம்மா. பின்னால் குளம்புச் சத்தம் நின்றால் என் கழுத்து தானாகத் திரும்பும். அதனால் தெரிந்த தேவாரத்தை எல்லாம் சத்தமாகப் பாடிக்கொண்டே தினமும் நடந்தேன், என் குரலுக்கு அது ஊரை விட்டே ஓடாதது ஆச்சரியம். இன்று காலை மதகைத் தாண்டினேன், பின்னால் சத்தமே இல்லை. விடக்கூடாது என்று நடந்துகொண்டே இருந்தேன், கண்ணில் தண்ணீர்கூட வந்தது, வெயில் என்று வைத்துக்கொள். அப்புறம் பிடரியில் சூடாக மூச்சுப் பட்டது. அடுத்த நிமிஷம் என்னை முட்டித் தள்ளிவிட்டு, அறுப்பு முடிந்த வயலில் இறங்கி, வாலைத் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாகத் தாண்டி ஓடியது பார், யாரும் இழுக்கவில்லை, யாரும் திருப்பவில்லை. குமரவேல் வாயைத் திறந்தபடி நின்றான். நான் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றுப் பாலத்தில் கால் வைக்க இன்னும் பயம், லாரி ஹாரனுக்கு உடம்பு சிலிர்த்துக்கொள்கிறது, அதையும் ஒரு கை பார்த்துவிடுகிறேன். காப்பகத்தார் வருகிற அன்று கயிறே இல்லாமல் அவர்கள் முன்னால் அது நடக்கும். எனக்கு முட்டியில் சிராய்ப்புத்தான், உன் அம்மா எலும்பு வரை கொண்டுபோவாள், நம்பாதே.

பனியில் வண்டி ஓட்டும்போது அவசரப்படாதே, வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நெடுங்காலம் வாழ எங்கள் ஆசீர்வாதம். பொங்கலுக்கு வரும்போது மாப்பிள்ளையை வெள்ளைச் சட்டை போட வேண்டாம் என்று சொல், பவளம் மூக்குத் துடைப்பது மனுஷர் மேல்தான்.

இப்போது குதிரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்
உன் அப்பா
ஆவுடைநாயகம்