பின்சக்கரத்தில் முப்பது பவுண்டு

என் அன்பு ராவுத்தரண்ணா,

உங்கள் மோட்டார் சைக்கிள் நேற்று உடும்பஞ்சோலைக்குப் போய்விட்டது. தங்கையா ஓட்டிக்கொண்டு போனார். செய்தியை முதலில் சொல்லிவிட்டு விவரத்துக்கு வருவது என் பத்திரிகைத் தொழிலின் பழக்கம், உங்களுக்குத் தெரியாததல்ல. எனக்கு வயிறு எரிந்தது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மற்றபடி ஊர் நலம். கோவிந்தாபுரத்துக்கு இந்தப் பக்கம் கேரளம் என்று ஆகி அதிகாரிகள் மாறினார்கள். சந்தைக்கு வரும் மாடுகள் மாறவில்லை. புதுக்காசு வந்திருக்கிறது. உங்கள் கடைக்கு எதிரே டீ விற்கிறவர் இன்னும் அணாவில்தான் விலை சொல்கிறார். நீங்கள் இருந்திருந்தால் அவரோடு வம்பளந்தே ஒரு காலையைக் கழித்திருப்பீர்கள்.

கொல்லங்கோட்டில் உங்கள் ஏலக்காய்க் கடை வாசல் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. மலைக்குக் கிளம்பும் நாளில் வெயில் ஏறுமுன் பம்பும் அளவுமானியுமாக உட்கார்ந்துவிடுவீர்கள். முன்சக்கரத்துக்குப் பதினெட்டு பவுண்டு காற்று. பின்சக்கரத்துக்கு, தனியாகப் போனால் இருபத்திரண்டு. பின்னால் ஆள் இருந்தால் முப்பது. பட்டாளத்து ஏலத்தில் எடுத்த வண்டி, புத்தகம் எதுவும் கூட வரவில்லை. ஓட்டி ஓட்டி நீங்களே கண்ட அளவு அது.

"காத்து கொறஞ்சா வளைவுல வண்டி நெளியுமுங்க தம்பி. கூடிப்போனா ஈர ரோட்டுல வழுக்குமுங்க. ரப்பருக்குத் தெரியாம ஒரு ஆளை ஏத்த முடியாது" என்பீர்கள்.

"ஏறுங்க" என்று நீங்கள் ஒருநாளும் என்னை அழைத்ததில்லை. நான் கடைப்பக்கம் வந்து பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். கல்லாக இருந்தால் வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்து வந்து ஏறிக்கொள்வேன். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு என்று உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தபடியே எத்தனை ஊர்ச் செய்தி சேர்த்திருக்கிறேன்! அந்த சீட்டு என் பெயருக்குப் பட்டா போட்டது என்றே நினைத்திருந்தேன்.

பிறகு தங்கையா வந்தார். உடும்பஞ்சோலையில் ஏலக்காய்த் தரகர். திருநெல்வேலிப் பக்கத்துப் பூர்வீகம். நேர்மையான மனுஷன் என்று நீங்கள் சொன்னபோதே எனக்குப் பிடிக்கவில்லை. அதன்பிறகு எதற்கெடுத்தாலும் தங்கையா. தங்கையா சொன்ன வேடிக்கை, தங்கையா வீட்டுக் கருவாட்டுக் குழம்பு.

ஒரு காலையில், பம்பை வைத்துவிட்டு நிமிர்ந்தவர், "இந்தத் தடவை தங்கையாவோட தோட்டம் தோட்டமாப் போகோணுமுங்க" என்றீர்கள். நான் டயரை அழுத்திப் பார்த்தேன். கல். அந்த முப்பது பவுண்டு எனக்கு அல்ல, அவருக்கு என்று முடிவு கட்டிவிட்டேன்.

"எனக்கு எழுத்து வேலை இருக்குதுங்கண்ணா" என்று திரும்பினேன்.

"அப்படிங்களா" என்றீர்கள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நீங்கள் மலைக்குப் போகும்போதெல்லாம் என் வீட்டு வாசலில் வண்டியைச் சற்று நிறுத்தி உறும விடுவீர்கள். தங்கையாவைப் பார்க்கப் போகிற குஷி என்று நினைத்து ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். என் செய்திகளுக்கு நான் பஸ்ஸில் போனேன்.

காய்ச்சல் வந்து நீங்கள் போய்ச் சேர்ந்தபின், ஆயிஷா அக்கா உங்களுக்காக நாலு மாதம் பத்து நாள் துக்கம் காத்து இத்தா இருந்து முடித்ததும் ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார். வண்டி எனக்குத்தான் என்று சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். போனால், கூடத்தில் தங்கையா உட்கார்ந்து அரிசிப் பத்திரி தின்றுகொண்டிருக்கிறார்.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா சொன்னார்: "தம்பி, வண்டி இவருக்குன்னு அவுங்க சொல்லிட்டுப் போயிட்டாங்க. காத்து எவ்வளவு அடிக்கோணும்னு மட்டும் எனக்குத் தெரியாதுங்க. கூடவே போனவரு நீங்கதான். சொல்லிக் குடுத்துருங்க."

வண்டி அவருக்கு, காற்று எனக்கு. இப்படி ஒரு பாகப்பிரிவினை உண்டா அண்ணா?

தங்கையா கையைத் துடைத்துக்கொண்டு என் பின்னால் வாசலுக்கு வந்தார். "எம்புட்டு அடிக்கணும் அண்ணாச்சி? மலையில எம் பொஞ்சாதியையும் ஏத்திட்டுப் போவணும்லா."

"நீங்க உக்காந்து பழகின சீட்டுதானுங்களே. அவர் அடிக்கறப்ப பாத்திருப்பீங்களே" என்றேன். குத்திக்காட்டத்தான் சொன்னேன்.

"நானா? அடுத்தவன் ஓட்டுத வண்டியில உக்காந்தா எனக்கு உசுரே இருக்காது அண்ணாச்சி! ஒரு நாளும் ஏறல, பாத்துக்கிடுங்க. அவரு தனியாத்தான் வருவாரு. தோட்டத்துக்கு நான் லாரியில போயிருவேன். ஆனா ஓட்டப் படிச்சுக் குடுத்தாரு. நானே ஓட்டுனா பயமில்ல."

ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்களா? அவருக்கா? எனக்கு ஒருநாள் கைப்பிடியைத் தொடவாவது கொடுத்திருப்பீர்களா? முகத்தை மறைக்கக் குனிந்தவன், பின்சக்கரத்தைப் பார்த்தேன்.

நடுவில் மட்டும் ரப்பர்ப் பட்டன்கள் தேய்ந்து வழவழவென்றிருந்தன. இரண்டு ஓரங்களிலும் அப்படியே இருந்தன. காற்று கூடி, பாரம் குறைந்து ஓடின டயர் இப்படித்தான் நடுவில் தேயும், நீங்கள் சொன்னதுதான். ஆக, இரண்டு பேருக்கு அடித்துவிட்டுத் தனியாகவே மலைக்குப் போய்வந்திருக்கிறீர்கள். ஓடிச் சூடான டயரில் காற்றைத் திறக்கக் கூடாது என்பதும் உங்கள் சட்டம். அதனால் வழியில் குறைக்கவும் இல்லை.

என் வாசலில் உறுமியது எதற்காக அண்ணா? ஒரு தடவை வாயைத் திறந்து "ஏறுங்க" என்றால் குறைந்தா போவீர்கள்? எதிர்த்தரப்பைக் கேட்காமல் சாதாரணச் சண்டையைக்கூட நான் எழுதியதில்லை. உங்களிடம் மட்டும் ஏன் கேட்கவில்லை? முன்பு தங்கையாவின் மேல் பொறாமை. இப்போது அந்தக் காலி சீட்டின் மேல். நான் ஜன்னலைச் சாத்திய நாளெல்லாம் அது உங்களோடு மறையூர் தாண்டிப் போயிருக்கிறது.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் தங்கையா.

"முன்னால பதினெட்டு. தனியாப் போனா பின்னால இருபத்திரண்டு."

"அவளும் ஏறுனா?"

அது எனக்கென்று இருந்த எண். ஆனால் மறையூருக்கு மேலே உள்ள வளைவுகளை நினைத்தேன். மழையில் காற்றுக் குறைந்த சக்கரம் நெளிவதையும், பின்னால் ஒரு பெண் இருப்பதையும் நினைத்தேன். "முப்பது" என்றேன். "வண்டி எடுக்கறதுக்கு முன்னால, குளுந்திருக்கறப்ப அளக்கோணுமுங்க."

அந்த டயரோடு அவரை மலையேற விடவில்லை. பொள்ளாச்சியிலிருந்து புதியது வரவழைத்து மாட்டினோம். பழையதை வேலியோரம் போடப் போனவரைத் தடுத்து, நான் தோளில் மாட்டிக்கொண்டு வந்தேன்.

வாசலில் என் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள். "வண்டி வரும்னு சலவை வேட்டி கட்டிட்டுப் போனீங்க. டயருதானுங்க வந்திருக்குது?"

நேற்று தங்கையா கிளம்பும்போது பின்சக்கரத்தை ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். தனியாகப் போகிறவருக்கு உரிய இளக்கம் இருந்தது. அதில் எனக்கு ஒரு திருப்தி, சிரிக்காதீர்கள்.

அறுவடைச் செய்திக்கு உடும்பஞ்சோலைக்குப் போக வேண்டியிருக்கிறது. மூணாற்றுக்கு வந்து கூட்டிப் போவதாகத் தங்கையா சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பஸ்ஸில்தான் போவேன், பஸ் இல்லாத இடத்துக்கு நடந்து போவேன். அவர் முப்பது அடித்து வந்து நின்றாலும் அந்த சீட்டில் ஏறமாட்டேன் அண்ணா. இது உங்களுக்கு என் வாக்கு.

நீங்கள் கூப்பிடாமலே ஏறிக்கொண்ட தம்பி,
ஆறுச்சாமி